திங்கட்கிழமை வருவேன் என்று சொன்ன கம்ப்யூட்டர்

பிள்ளைகளே, எங்கள் ஏலப்பாறை எஸ்டேட் ஆபீசில் இருப்பது யூனிக்ஸ் கம்ப்யூட்டர். கறுப்புத் திரையில் கட்டளை அடித்துத்தான் வேலை வாங்க வேண்டும். அது எனக்கு மட்டுமே தெரியும் என்பதில் எனக்குப் பெருமை.

ஒருமுறை லீவில் போகுமுன், வருகிற மெயிலுக்கெல்லாம் அதுவே பதில் அனுப்பும்படி செய்தேன்: "லீவில் இருக்கிறேன். திங்கட்கிழமை காலை வந்து பதில் தருவேன்."

பக்கத்து மேசை ஜேசுதாஸ், "அண்ணே, அவசரம்னா கூப்பிட என் நம்பரையும் போடுங்க" என்றான்.

"உனக்கு என்னப்பா தெரியும்? நான் வந்து பாத்துக்கிடுதேன்."

திங்கள் காலை மலைப்பாதையில் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டது. முன்னும் பின்னும் வண்டிகள். போனில் சிக்னல் இல்லை. எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் மரியம்மா லீவுக்கு முன் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அவள் கணவரின் ஆபரேஷன் செலவை எஸ்டேட் ஏற்கும் என்ற கடிதத்தை ஆஸ்பத்திரி மெயிலில் கேட்கும். அன்று மதியத்துக்குள் அனுப்ப வேண்டும். நானோ ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறேன். அங்கே என் கம்ப்யூட்டர், காலையில் வருவேன் என்று சொல்லிக்கொண்டிருக்கும். ஐந்து மணி நேரம் அப்படியே போனது.

ஆபீஸ் வாசலில் மரியம்மா நின்றாள்.

"ஆபரேஷன வியாழக்கிழமைக்குத் தள்ளிட்டாங்கண்ணே. நீங்க காலையில வந்துருவீங்கன்னு பதில் வந்துச்சாம். அதான் வேற யாரையும் கேக்கலயாம்."

அவள் என்னைக் குறை சொல்லவில்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அடுத்த லீவுக்கு முன் ஜேசுதாஸை என் நாற்காலியில் உட்கார வைத்தேன். லீவு பதிலில் தன் நம்பரை அவனே அடித்தான்.