ஆறு பெண்கள் மேல் ஒரு மறியல் வழக்கு

எண்பதுகளின் கடைசியில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் மோட்டாருக்குக் கம்பிக் காயில் சுற்றிக்கொண்டிருந்தேன். முதல் ஷிப்ட் முடிந்து மதியம் இரண்டரைக்கு நாங்கள் வெளியே வந்தால் ஒரு பஸ்ஸும் நிற்காது. கையைக் காட்டினால் டிரைவரும் பதிலுக்குக் கையைக் காட்டிவிட்டுப் போவார். மனு எழுதிக் கொடுத்தும் பயனில்லை. ஒருநாள், யோசிக்காமல் கொள்ளாமல், பதினொரு பெண்கள் டிபன் பாக்ஸ் பையோடு நடுரோட்டில் உட்கார்ந்துவிட்டோம். வெயிலுக்கு எல்லோரும் முந்தானையைத் தலையில் போட்டிருந்தோம்.

முதலில் உட்கார்ந்தவள் என் பக்கத்து மெஷின்காரி. அப்பா வேலை பார்த்த ஆவடி ராணுவத் தொழிற்சாலையின் குவார்ட்டர்ஸில் இருந்தாள். "உக்காருக்கா, இன்னா பண்ணிடுவாங்க?" என்றாள்.

போலீஸ்காரர்கள் வந்து வேனில் ஏற்றினார்கள். ஐந்து பேர் கூட்டத்தில் நழுவிவிட்டார்கள். மாட்டியது ஆறு பேர். ஸ்டேஷனில் இடமில்லை என்று ஒரு கல்யாண மண்டபத்தில் உட்காரவைத்தார்கள். அவள் நேராக மணமேடையில் ஏறிச் சம்மணம் போட்டு, "மாப்ள எங்கக்கா?" என்றாள். காவலுக்கு இருந்த பெண் போலீஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். பொழுது சாய்வதற்குள் கையெழுத்து வாங்கிக்கொண்டு சொந்த ஜாமீனில் அனுப்பிவிட்டார்கள்.

நான்கு மாதம் கழித்துக் கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தது. ஆறு பேரும் பூந்தமல்லியில் ஒரு வக்கீலிடம் போனோம்.

"நூத்தி நாப்பத்தி மூணு, முன்னூத்தி நாப்பத்தி ஒண்ணு," என்று அவர் படித்தார். "சட்டவிரோதமா கூடினது, வழிய மறிச்சது. ரெண்டும் சின்ன கேஸுதாம்மா. ஒத்துகிட்டா அன்னிக்கே அபராதம் கட்டிட்டுப் போயிடலாம். ஆனா தண்டனைன்னு பதிவாயிடும். மறுத்தா வாய்தா வாய்தாவா வரணும். யார் மறிச்சாங்கன்னு நிரூபிக்கறது போலீஸ் பாடு. அதுவும், அஞ்சு பேராவது இருந்தாத்தான் அது சட்டவிரோதக் கூட்டம்."

அபராதமே போதும் என்று நாங்கள் ஐவரும் தலையாட்டினோம். அவள் மட்டும் தலையாட்டவில்லை. அப்பா இருந்த அந்த ராணுவத் தொழிற்சாலையிலேயே வேலைக்கு மனுப் போட்டிருந்தாள். சேருவதற்கு முன் போலீஸ் விசாரணை உண்டு.

"நீங்க கட்டிட்டுப் போங்கக்கா. நான் மட்டும் அலையறேன்."

அவளைத் தனியாக அலையவிட எங்களில் யாருக்கும் மனசு வரவில்லை. ஆறு பேரும் மறுத்தோம்.

அப்புறம் வாய்தா எங்களுக்குச் சுற்றுலா ஆகிவிட்டது. அரை நாள் லீவு, இருக்கிறதில் நல்ல புடவை, திரும்பும்போது ஆளுக்கொரு ரோஸ்மில்க்.

விசாரணை நாளில், அன்று நாங்கள் மறித்த பஸ்ஸின் டிரைவர் முதலில் சாட்சி சொல்ல வந்தார். "முக்காடு போட்டுகினு இருந்தாங்க சார். மூஞ்சி தெரில," என்றார். அடுத்து எங்களைப் பிடித்த ஏட்டையா. கூண்டில் இடமில்லாமல் நாங்கள் சுவரோரமாக, வேறு வழக்குகளுக்கு வந்த பெண்களோடு நின்றிருந்தோம். ஆட்களை அடையாளம் காட்டச் சொன்னார்கள். என்னையும் சேர்த்து நான்கு பேரைச் சரியாகக் காட்டினார். ஐந்தாவதாக, குடை வைத்திருந்த ஓர் அம்மாளைக் காட்டினார்.

"யோவ்! நான் ஜீவனாம்சத்துக்கு வந்துகீறேன்யா!" என்று அந்த அம்மாள் கத்த, மாஜிஸ்திரேட்டே குனிந்து எதையோ எழுதத் தொடங்கிவிட்டார். ஏட்டையா அதற்கப்புறம் யாரையும் காட்டத் துணியவில்லை. எங்கள் வக்கீல் நான்கு விரலை மட்டும் நீட்டிக் காட்டிவிட்டு உட்கார்ந்தார்.

அடுத்த வாய்தாவில் தீர்ப்பு. ஐந்து பேர் என்று நிரூபிக்கவில்லை, ஆளை மாற்றிக் காட்டியவரின் அடையாளத்தையும் நம்ப முடியாது என்று சந்தேகத்தின் பலனை அளித்து, ஆறு பேரும் விடுதலை.

"இன்னாக்கா சந்தேகம்? நாமதான உக்காந்தோம்?" என்று அவள் என் காதில் கேட்டாள். நறுக்கென்று கிள்ளினேன். வெளியே வந்து வேப்பமரத்தடியில் ஒருத்தி மேல் ஒருத்தி சாய்ந்து, விலா வலிக்கச் சிரித்தோம்.

மறுவருஷம் அவளுக்கு வேலை கிடைத்தது. விசாரிக்க வந்த போலீஸ்காரருக்கு அவளுடைய அம்மா காபியோடு தீர்ப்பு நகலையும் கொடுத்தாராம். அவர் அதைப் படித்துவிட்டு, "உங்க பொண்ணு அன்னிக்கு ரோட்ல உக்காந்துச்சா, இல்லியாம்மா?" என்று கேட்டிருக்கிறார்.

"அது கோர்ட்டுக்கே தெரியலீங்களே," என்றாராம் அம்மா.