தவசிக்கரட்டுக்கு நான் சொல்லும் அர்த்தம்

செம்பட்டிப் பக்கம், எங்கள் செவ்வந்தித் தோட்டத்தை ஒட்டி நிற்கும் மொட்டைப் பாறைக்குன்றுக்குத் தவசிக்கரடு என்று பெயர். யாரோ ஒரு தவசி உறவை எல்லாம் உதறிவிட்டு அங்கே தனியாக இருந்து தவம் செய்தாராம். ஆடு மேய்க்கிறவர்கள் வேறு மாதிரி சொல்வார்கள். அம்மை கண்ட ஒருவனை ஊர் ஒதுக்கி வைத்த இடமாம் அது. செத்த பிறகுதான் அவனைத் தவசி ஆக்கினார்களாம். சின்ன வயதில் எனக்கு முதல் கதைதான் பிடிக்கும்.

மனைவி இறந்த பிறகு என் தம்பி பேச்சை நிறுத்திவிட்டான். ஒருநாள் வீட்டை விட்டுப் போய்க் கரட்டில் உட்கார்ந்தவன், எவ்வளவு கெஞ்சியும் இறங்கவில்லை. நான்தான் தூக்குவாளியில் சோறு கொண்டு போவேன். வேறு இடமாக இருந்தால் பைத்தியம் என்று விரட்டியிருப்பார்கள். தவசிக்கரடு அல்லவா, சூடம் கொளுத்தினார்கள். வாயைத் திறக்காததால் மௌனசாமியாம். திண்டுக்கல்லில் இருந்தெல்லாம் கார் போட்டு வந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பிறகு முள் குத்தி அவன் கால் சீழ் பிடித்து முழங்கால் வரை வீங்கிவிட்டது. உடம்பு கொதித்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக ஆட்டோ கூட்டி வந்தேன். கும்பிட வந்த கூட்டம் மறித்தது.

"சாமிய எறக்குனா ஊருக்கு ஆகாது தாயி. தானா சரியாயிரும்" என்றார் ஒரு பெரியவர்.

"சாமியில்லய்யா, எந்தம்பி! காலு அழுகுது, பாருங்கய்யா!"

பார்த்தார்கள். புண்ணில் விபூதி போட்டார்கள். நான் ஒவ்வொருவர் காலிலும் விழுந்தேன். ஆட்டோக்காரர் பயந்து வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். வேறு வழியில்லாமல் தம்பியின் அக்குளில் கை கொடுத்து நானே இழுத்தேன். அப்போதுதான் அவன் வாயைத் திறந்தான்.

"அக்கா, வலிக்குதுக்கா."

"சாமி பேசிருச்சு!" என்று யாரோ கத்த, கூட்டம் முழுக்க ஒற்றையடிப் பாதையில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தது. இறங்கக் கால் வைக்க இடமில்லை. அவனைப் பாறையில் சாய்த்துவிட்டு, முதுகுகளை மிதித்துக்கொண்டே ஆள் தேடி ஓடினேன். திரும்பி வருவதற்குள் அவன் போய்விட்டான்.

பூ வாங்க வரும் வெளியூர்க்காரர்கள் இப்போதும் என்னிடம் அந்தப் பெயருக்கு அர்த்தம் கேட்கிறார்கள். வலிக்குது என்று சொன்னவனைக் கும்பிட்டே கொன்ற இடம் என்கிறேன். தலையை ஆட்டிக்கொள்கிறார்கள். பிறகு என்னிடமே ஒரு முழம் பூ வாங்கிக்கொண்டு கரட்டில் ஏறுகிறார்கள்.