பாறசாலைக் கப்டன்

பாறசாலை ரயில் நிலையத்துக்கு அருகே அறை எடுத்த புதிதில், பக்கத்துத் தேநீர்க் கடைக்காரரிடம் போய், "ஐயா, உங்களோட கொஞ்சம் கதைக்க வேணும்" என்றேன். அவர் அடுப்பைத் தணித்துவிட்டு, "கதையா? என்ன கதை?" என்று ஆவலாகக் கேட்டார். பேசுவதைத்தான் நாங்கள் கதைப்பது என்போம் என்று விளக்கினேன். கடையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். நோர்வேயில் என் மொழியைக் கேட்டு ஒருவரும் சிரித்ததில்லை. அங்கே பேருந்தில் என் பக்கத்து இருக்கை பெரும்பாலும் காலியாகவே வரும். இங்கே நெருங்கி வந்து, சிலோனா, எத்தனை பிள்ளைகள், என்ன வேலை என்றெல்லாம் பாதித் தமிழிலும் பாதி மலையாளத்திலும் கேட்கிறார்கள். எனக்கோ எதற்கும் பதில் சொல்லத் தெம்பில்லை. இந்திய ராணுவம் எங்கள் ஊரில் இருந்த காலத்தில் அங்கே வேலை பார்த்த ஒரு டொக்டரின் பெயர் மட்டுமே வேண்டியிருந்தது.

அப்போது நான் பள்ளிக்கூடச் சிறுமி. எங்கிருந்து வந்ததென்று தெரியாத ஒரு ஷெல் எங்கள் முற்றத்தில் விழுந்தது. அண்ணன் சுதனுக்கு வயிற்றில் காயம். அம்மாவும் நானும் வீட்டுக் கதவைக் கழற்றி, அவனை அதில் வைத்து ராணுவ முகாமுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே ஒரு இளம் டொக்டர் சட்டையெல்லாம் இரத்தமாக நின்றார். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால்தான் பிழைப்பான் என்று அவனை ஹெலிகொப்டரில் ஏற்றினார். அம்மாவுக்கு அதில் இடமில்லை. "பேடிக்காண்டாம் அம்மா, பயப்படாதீங்க, நான் கூடப் போறேன். நான் பாறசாலைக்காரன், தமிழ் தெரியும்" என்று அவர் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. அதன் பிறகு சண்டை எங்களை ஊர் ஊராகத் துரத்தியது. அண்ணனைப் பற்றி ஒரு தகவலும் வரவில்லை. பாறசாலை எந்தப் பக்கத்து ஊர் என்றுகூட எங்களுக்குத் தெரியாது. நோர்வேயில் என்னோடு வேலை செய்யும் மலையாளி நர்ஸ் ஒருத்திதான் ஒருநாள், "அது எங்க திருவனந்தபுரத்துக்குக் கீழே" என்றாள்.

சம்பளமில்லாத விடுப்பில் வந்து, பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை வரைக்கும் கோயில் கோயிலாக, மருந்துக் கடை கடையாக விசாரித்தேன். அவரைப் பற்றி எங்கும் ஒரு வரி எழுதப்படவில்லை. கடைசியில் ஒரு பழைய மிஷன் கோயிலின் பாதிரியார், ராணுவத்தில் கப்டனாக இருந்து திரும்பி ஊரில் மருத்துவம் பார்த்த சாம்ராஜைப் பற்றிச் சொன்னார். அவர் காலமாகிவிட்டார். மனைவி லில்லி அம்மா காரோடு என்ற பக்கத்து ஊரில் தனியாக இருந்தார்.

நான் யாரென்று சொன்னதும் லில்லி அம்மா என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். "அவரு பட்டாளத்தப் பற்றி வாயே தொறக்க மாட்டாரு மக்கா. ஒரு பையனப் பற்றி மட்டும் சொல்லியதுண்டு. வயித்துல காயம். ஹெலிகாப்டர்ல கொண்டு போவும்பம் வழியில வச்சு செத்துப்போனானாக்கும்."

நான் ஆளைக் கண்டுபிடித்துவிட்ட ஆறுதலில் விம்மி அழுதேன். செத்துப்போனானாக்கும். அப்படியென்றால் இவருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. டொக்டர் எந்த ஆஸ்பத்திரியில் இறங்கினார் என்று தெரிந்தால் மீதியை நான் பார்த்துக்கொள்வேன். அதற்கு அவருடைய சேவைப் பதிவு வேண்டும். அந்த முகாமின் டொக்டர்களைப் பற்றி முன்பு நான் கேட்டபோதே, வாரிசு கேட்டால் மட்டுமே பதிவு தருவோம் என்று ராணுவ அலுவலகம் எனக்கு எழுதியிருந்தது.

"எனக்க கையொப்பு போதும்னா போட்டுத் தாறேன். ஒனக்க மனசு ஆறட்டும்" என்றார் லில்லி அம்மா.

பதிவுக்காகக் காத்திருந்த மாதங்களை எப்படிக் கடந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. இனியும் வராவிட்டால் வேறு ஆள் போடுவோம் என்று வேலையிடத்திலிருந்து செய்தி வந்தது. விசாவும் முடியவிருந்தது. அம்மா நோர்வேயில் சீக்கயெம் என்கிற முதியோர் பராமரிப்பு இல்லத்தில் இருக்கிறாள். ஒவ்வொரு மாலையும் தொலைபேசித் திரையில் முகத்தை ஒட்டிக்கொண்டு, "டொக்டர் என்ன சொன்னவர்?" என்று கேட்பாள். "ஆளைக் கண்டுபிடிச்சிட்டன் அம்மா, பதிவு வரட்டும்" என்பேன். மகன் வரப்போகிறான் என்று அம்மா தாதியிடம் சொல்லி, அவன் உட்கார அறையில் இன்னொரு கதிரை போட வைத்தாள். நான் அதை மறுக்கவில்லை. நானும் நம்பத் தொடங்கியிருந்தேன்.

பதிவு லில்லி அம்மாவின் முகவரிக்கு வந்தது. சேர்ந்த நாள், பணிபுரிந்த இடங்கள், ஒரு பதக்கம், விலகிய நாள். ஆஸ்பத்திரியின் பெயரும் இல்லை, அண்ணனைப் பற்றிய ஒரு சொல்லும் இல்லை. திரும்பத் திரும்ப வாசித்தேன். பிறகு, மூழ்குகிறவள் எதையாவது பிடிப்பதுபோல, "அம்மா, செத்ததெண்டு இதில ஒரு இடத்திலயும் இல்லை! அவன் உயிரோட இருக்கலாம்!" என்று கத்தினேன்.

லில்லி அம்மா என்னை விழித்துப் பார்த்தார். "மக்கா, நான் ஒனக்ககிட்ட அன்னைக்கே சொன்னேனே."

"நீங்கள் செத்துப்போனானாக்கும் எண்டுதானே சொன்னனீங்கள்."

"ஆமா. அதுக்கு மேல உறுதியா எப்பிடிச் சொல்லியது?"

எங்கள் ஊரில் ஆக்கும் என்றால் 'இருக்கலாம்'. கொஞ்சம் ஐயம், கொஞ்சம் நம்பிக்கை. இந்தப் பக்கத்தில் அது ஒரு சொல்லின்மேல் அடிக்கும் ஆணி. அந்த ஒரே சொல்லில் நான் மாதக்கணக்காக என் அண்ணனை உயிரோடு வைத்திருந்தேன். சிமெந்துத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். லில்லி அம்மாவும் முழங்கால் வலியோடு மெல்ல என் பக்கத்தில் இறங்கி உட்கார்ந்தார்.

"எல்லாம் ஒனக்கு மனசிலாச்சுண்ணு நெனச்சேன் மக்கா. அன்னைக்கு நீ அப்பிடி அழுதியே. அவருக்க மடியில தலை வச்சாக்கும் அவன் போனது. எறங்குனதும் வேற ஆளுகளு வந்து எடுத்துட்டுப் போனாங்களாம். எங்க அடக்குனாங்கண்ணு அவருக்கும் தெரியாது. பேரு கேக்க விட்டுப்போச்சேண்ணு சாவுதது வரை சொல்லி வெசனப்படுவாரு." என் பக்கம் திரும்பி, "என்ன பேரு?" என்று கேட்டார்.

"சுதன்."

"சுதன்" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். "சுதன்னா மகன் எண்ணுல்லா அர்த்தம்." பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

மறுநாள் லில்லி அம்மா என்னைப் பொழியூர்க் கடற்கரைக்கு அழைத்துப் போனார். அங்கிருந்து அம்மாவை அழைத்தேன். திரையில் அம்மாவுக்குக் கடல் தெரியட்டும் என்று அதற்கு முதுகு காட்டி நின்றுகொண்டேன். "அண்ணா இல்லை அம்மா. அண்டைக்கே போயிட்டான்" என்றேன்.

அம்மாவுக்குப் பின்னால் ஜன்னலில் பனி விழுந்துகொண்டிருந்தது.

"டொக்டர் பக்கத்தில இருந்தவரோ?"

"இருந்தவர் அம்மா. மடியில வச்சிருந்தவர்."

"ம்" என்றாள். திரையில் தெரிந்த கடலைப் பார்த்துக் கைகூப்பினாள். அது எங்கள் கடல் அல்ல என்று நான் சொல்லவில்லை. கைகளை இறக்கிய பிறகு, "காணும் பிள்ளை, தேடினது போதும். வீட்டை வா" என்றாள்.

"ஓம்" என்றேன். அழைப்பு முடிந்த பிறகும் அதே பக்கம் பார்த்தபடி நின்றேன். லில்லி அம்மா என் தோளைத் தொட்டார்.

"கடலு அங்க கெடக்கு மக்கா. நீ எங்கோட்டு பாத்துட்டு நிக்கிய?"

கிழக்கே தென்னைகள் நின்றன. அவற்றுக்குப் பின்னால் மலைகள். மலைகளுக்கும் அப்பால், இங்கிருந்து தெரியாத இன்னொரு கடலுக்கு அந்தப் பக்கம், கதவில்லாத எங்கள் வீடு.