பதினோராம் நம்பர் ரூமும் கூரை வேண்டாத அம்மனும்

நான் கட்டியதிலேயே உறுதியான சுவரைப் பேய் தள்ளிய சுவர் என்கிறார்கள். பத்து வருஷத்துக்கு மேலாக இது என் வயிற்றெரிச்சல். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுக் கரணை பிடித்த மேஸ்திரி நான். மேற்குத் தாம்பரம் ஜெயவேலு லாட்ஜில் பதினோராம் நம்பர் ரூமுக்குள் அந்தச் சுவர் வளைந்து போகும். எங்கிருந்தோ ரயிலேறி வருகிறவர்கள் அதைத் தடவிப் பார்த்துப் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். நேராகக் கட்டிய வீடுகளுக்கு எவனும் என் பெயரைக் கேட்டதில்லை. வளைந்த ஒன்றுக்காவது கேட்பான் என்று பார்த்தால் அந்தப் பெருமையும் பேய்க்குப் போய்விட்டது.

வளைக்க வைத்தது தையல்நாயகி அக்கா. அவள் குடும்பம் நெல் விதைத்த நிலம் அது. எண்பத்தைந்தில் அவள் புருஷன் அதை லாட்ஜ் கட்ட வந்த ஜெயவேலுவுக்கு விற்றபோது, நடுவில் இருக்கும் எல்லையம்மா கல்லை அசைக்கக் கூடாது, மேலே கூரையும் போடக் கூடாது என்று பேச்சு. அந்த அம்மனுக்கு வெயிலும் மழையும் நேராக விழ வேண்டும். அஸ்திவாரம் தோண்டிய அன்று அக்கா கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்கவில்லை. நேர் பார்க்கும் தூக்குக்குண்டைப் பையில் போட்டுக்கொண்டு, கல்லைச் சுற்றிச் சுவரை வளைத்துக் கிணறு மாதிரி மொட்டைமாடி வரை ஏற்றினேன். மேலே வானம். கீழே பின்சந்தில் ஒரு சின்னக் கதவு.

விளக்கு வைக்கும் நேரத்தில் அக்கா அதற்குள் போவாள். மந்திரமெல்லாம் தெரியாது. மீன் விலை, வராத தண்ணி லாரி, மருமகளின் வாய் என்று எல்லாவற்றையும் அம்மனிடம் சொல்லுவாள். அது அப்படியே பதினோராம் நம்பரின் காற்றுத் துவாரத்தில் வந்து இறங்கும். முதலில் பயந்து ஓடியவன் மருந்து விற்க வந்த வெளியூர்க்காரன் என்று ஊர் சொல்கிறது. உண்மையில் ஓடியது நான். பூச்சு வேலையில் இருந்தபோது சுவருக்குள்ளிருந்து ஒரு பொம்பளை, "தனியா குந்திகினு கீறியே, பயமா இல்லியா?" என்றாள். கரணையைப் போட்டுவிட்டு ஸ்டேஷன் வரை போய்த்தான் நின்றேன். அந்தக் கிணற்றைக் கட்டியவனே நான்தான், உள்ளே அம்மனைக் கேட்டது அக்காதான் என்பது அங்கே டீ குடிக்கும்போது ஞாபகம் வந்தது.

பேய் ரூம் என்று பெயர் பரவி, காலேஜ் பையன்களும் வெள்ளைக்காரர்களும் தேடி வந்தார்கள். உயிரோடு இருப்பவளைப் பேய் என்கிறார்களே என்று அக்காவுக்கு ஆத்திரம்.

பெருங்களத்தூரில் அடுக்குமாடிகள் எழும்பியதும் ஜெயவேலுவுக்கு இன்னொரு மாடி ஆசை வந்தது. கிணற்றின் வாயை ஸ்லாப் போட்டு மூடச் சொன்னார். வேறு வேலை இல்லாததால் நானும் பலகையோடு போய் நின்றேன். அக்கா மாடிப்படியில் இருந்தாள். அழவில்லை, சாபமும் விடவில்லை.

"மூடிக்கோ ஜெயவேலு. கூரை போட்டா அவ அங்க இருக்க மாட்டா. அவ இல்லாத எடத்துல எனக்கின்னா பேச்சு? நாளைலேர்ந்து உன் பேய் வாயத் தொறக்காது."

கீழே பைகளோடு சிலர் அந்த ரூமைக் கேட்டுக் காத்திருந்தார்கள். ஜெயவேலு எட்டிப் பார்த்தார். பிறகு பலகையை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். அன்றிலிருந்து அக்கா உரக்கவே பேசினாள். கூட்டம் வந்தால் நடுவில் சிரிக்கவும் செய்தாள்.

போன ஐப்பசியில் படுத்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனேன். சத்தம் இல்லை என்று ரூமுக்கு வந்தவர்கள் திரும்புகிறார்கள், ஜெயவேலு மறுபடி ஸ்லாபுக்குக் கூப்பிட்டிருக்கிறார் என்று உளறிவிட்டேன். நோயாளியிடம் பேசத் தெரிந்த வாயா இது. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"சாயங்காலம் நீ உள்ள போய்க் குந்து மேஸ்திரி. ஊர் சேதி எதனா சொல்லு அவளுக்கு."

அம்மனிடம் எனக்கு என்ன பேசத் தெரியும், அதுவும் இந்தத் தகரக் குரலில் என்றேன்.

"ஆம்பளப் பேயா இருந்துட்டுப் போவுது. நிறுத்தாம பேசு, அவ்ளோதான்."