பெட்டி பழைய வேகத்தில் ஓடட்டும்

என் அக்காள் தேன்மொழியின் வீட்டுக்காரர் மாதேஸ்வரன் மலைமேல் இருக்கும் எங்கள் வளப்பூர் நாட்டில் கம்ப்யூட்டர் ஜோதிடம் பார்ப்பவர். கம்ப்யூட்டர் என்றதும் மெல்லிசான லேப்டாப்பை நினைத்துக்கொண்டு யாரும் பஸ் ஏற வேண்டாம். அவர் கடை மேசையில் இருப்பது சாம்பல் நிறத்தில் தடித்த ஒரு பெட்டி. அதன் முதுகிலேயே எழுத்துப் பொத்தான்கள் இருக்கும். அதை டிவியில் செருகி, டேப்ரெக்கார்டரில் கேசட் போட்டு ஓடவிட்டால், கேசட்டில் இருக்கும் ஜோதிடம் கிரீச் கிரீச்சென்று பெட்டிக்குள் இறங்கும். அந்தப் பெட்டி செத்துப் பல வருடம் ஆகிறது. ஆனாலும் மேசையை விட்டு இறங்கவில்லை.

பக்கத்துக் கடை என்னுடையது, டீக்கடை. மச்சினன் என்ற உரிமையில் அவரைக் கேலி செய்வேன், பக்கத்துக் கடைக்காரன் என்ற முறையில் அவரை வைத்துப் பிழைப்பேன். இரண்டிலும் எனக்கு வெட்கம் கிடையாது.

எண்பதுகளின் கடைசியில் சேலத்துப் பொருட்காட்சியில் ஒரு கம்ப்யூட்டர் ஜோதிடக் கூடாரத்தில் மச்சான் வேலைக்குப் போனார். முதலாளி வீடியோ கடை வைக்கக் கிளம்பியபோது பெட்டியையும் கேசட்டையும் இவரிடம் விட்டுப் போனார். மிளகு மூட்டையோடு மலை இறங்கியவர் கம்ப்யூட்டரோடு ஏறி வந்தது அந்த வருடத்துச் செய்தி. கேசட் போடுகிற சத்தத்தைக் கேட்ட எங்கள் ஜனங்களுக்கு உடனே நம்பிக்கை வந்துவிட்டது. கவுளி ஒரு தடவை சொன்னாலே நின்று கேட்கிறவர்கள் நாங்கள். இது நிறுத்தாமல் சொல்லிற்று.

ஜாதகத்துக்குப் பிறந்த தேதி வேண்டும். எங்கள் மலையில் சாமை அறுப்பு முடிந்த மறுவாரம் என்பதுதான் பிறந்த தேதி. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது, தலைக்கு மேலே கையைச் சுற்றிக் காதைத் தொடச் சொல்லிப் பார்த்துவிட்டு, வாத்தியார் ஒரு தேதி போடுவார். வந்த வாத்தியார்கள் எல்லோரும் மே மாதம் ஐந்தாம் தேதியையே போட்டார்கள். ஆகவே ஒரு வகுப்பு முழுவதற்கும் ஒரே ஜாதகம். ஒருமுறை வகுப்பில் படித்த அத்தனை பேருக்கும் வாகன யோகம் என்று பெட்டி சொன்னது. வந்தது டவுன் பஸ் மட்டும்தான். அதற்காக யாரும் சண்டைக்கு வரவில்லை.

பிறகு பெட்டிக்குள் எறும்பு கூடு கட்டியது. பெட்டி செத்தது. மச்சான் நாமக்கல் போய்ப் புதுக் கம்ப்யூட்டரும் அதற்கான ஜோதிட சாஃப்ட்வேரும் வாங்கி வந்தார். தேதியைப் போட்டுத் தட்டினால் கண்ணை மூடித் திறப்பதற்குள் முப்பது பக்கம் வந்து விழுந்தது. முதல் நாளே ஒரு பெரியவர், "ஏனுங்க, பார்க்காமயே சொல்றீங்களே?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனார். கூட்டம் குறைந்தது. அவர் கடைக்கு வருகிறவர்கள் என் பெஞ்சில் உட்கார்ந்துதான் காத்திருப்பார்கள். காத்திருக்க ஒன்றும் இல்லாததால் என் டீயும் ஆறியது. விஞ்ஞானத்தின் மேல் எனக்குக் கோபம் வந்தது அப்போதுதான்.

எங்களைக் காப்பாற்றியவர் ஆரோக்கியசாமி சார். திருச்சிப் பக்கத்துக்காரர், இங்கே அரசுப் பள்ளியில் கம்ப்யூட்டர் வாத்தியார். டீ குடிக்க வந்தவர் செத்த பெட்டியைப் பார்த்துவிட்டு நின்றுவிட்டார். எமுலேட்டர் என்று ஒன்று இருக்கிறதாம். புதுக் கம்ப்யூட்டருக்குள் அதை ஓடவிட்டால், புதியது தன்னைப் பழைய பெட்டி என்றே நினைத்துக்கொள்ளுமாம்.

"அதே புத்தி, அதே சத்தம், அதே வேகம். பழைய பெட்டி பண்ற தப்பக்கூட அப்படியே பண்ணும் சார்," என்றார்.

"தப்பு எல்லாம் பண்ணாதுங்க சார் எம்பட பெட்டி," என்றார் மச்சான்.

கேசட்டில் பூஞ்சை பிடித்திருந்தது. டேப்பின் தலையை ஸ்பிரிட் வைத்துத் துடைத்தார்கள். டேப்ரெக்கார்டரிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒரு ஒயர் போட்டு, அந்தக் கிரீச்சை அப்படியே உள்ளே பதிவு செய்தார்கள். சத்தம் குறைந்தால் எமுலேட்டர் ஏற்கவில்லை, கூடினாலும் ஏற்கவில்லை. நாலைந்து ஞாயிற்றுக்கிழமை போனது. கடைசியில் நீலத் திரை வந்து, பிள்ளையார் சுழி போட்டு, 'பெயர்?' என்று கேட்டபோது மச்சான் செருப்பைக் கழற்றிவிட்டுத் தன் பெயரைச் சொன்னார். தட்டத்தான் வேண்டும் என்பது அவருக்கு மறந்தே போயிருந்தது.

எமுலேட்டரில் ஒரு பொத்தானை அழுத்தினால் பழைய வேகம், இன்னொன்றை அழுத்தினால் புது வேகம். மச்சான் பழைய வேகத்திலேயே வைத்துக்கொண்டார். புதுக் கம்ப்யூட்டரை மேசைக்குக் கீழே தள்ளி, செத்த பெட்டியை மேலே வைத்துப் பொட்டு வைத்தார். ஸ்பீக்கரில் கிரீச் சத்தம் ஓடும். ஒரு டீ குடித்து, ஊர்க்கதை பேசி, இன்னொரு டீ சொல்லும் நேரத்தில் முடிவு வரும். பேளுக்குறிச்சி சந்தைக்குப் போகிறவர்கள்கூட ஒரு பஸ்ஸை விட்டுவிட்டுப் பார்த்துப் போனார்கள்.

மச்சானுக்கு ஒரு கொள்கை உண்டு. பெட்டி சொல்வதை மாற்றமாட்டார். மிளகு வியாபாரி ஒருவர் தன் மகளுக்காக 'பொருத்தம் உண்டு' என்று சொல்லச் சொல்லிக் கெஞ்சியபோது, "நான் சொல்றதில்லீங்க, பெட்டி சொல்றது," என்று அனுப்பிவிட்டார். இதில் ஒரு வேடிக்கை. பெட்டி வேண்டாம் என்ற ஜோடிகளில் பாதிப் பேர் அடுத்த மாதமே பத்திரிகை கொண்டுவந்து வைப்பார்கள். எங்கள் ஜனங்களுக்குப் பக்தி போதாது என்று நான் நினைத்துக்கொள்வேன்.

போன மாசியில் அந்தக் கொள்கை மச்சான் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. என் அக்காள் மகள் கோகிலாவும், மரவள்ளிக் கிழங்கு லாரி ஓட்டும் தமிழ்செல்வனும் ஒருவரை ஒருவர் விரும்பினார்கள். முறைக்கும் குறைவில்லை. பையனின் அம்மா பாப்பாயி மட்டும், "பெட்டியில ஒருக்கா பார்த்துரலாமுங்க," என்றாள். அவளுடைய கல்யாணத்துக்கும் அந்தப் பெட்டிதான் பார்த்ததாம்.

இரண்டு வீட்டாரும் வந்தார்கள். ஜோதிடராக இருப்பதா, பெண்ணைப் பெற்றவராக இருப்பதா என்று தெரியாமல் தவித்த மச்சான், அந்தச் சத்தம் முடிகிற வரை காத்திருக்கத் தைரியம் இல்லாமல், இத்தனை வருடத்தில் தொடாத பொத்தானை அழுத்திவிட்டார். புது வேகம். சத்தம் ஒரு கீச்சோடு முடிந்தது. ஜனங்கள் பெஞ்சில் உட்காரக்கூட இல்லை, நான் பாலை அடுப்பில் வைக்கவும் இல்லை. காகிதம் வந்துவிட்டது. பொருத்தம் இல்லை.

பாப்பாயி முந்தானையை இழுத்துச் செருகினாள். "வாரமுங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் போய்விட்டாள்.

கோகிலா அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. "ஊருக்கெல்லாம் என்ன சொன்னீங்களோ அதே தானுங்களேப்பா எனக்கும்," என்று சொல்லிவிட்டுத் தட்டைத் தள்ளி வைத்தாள். அந்தப் பெண்ணைத் தோளில் தூக்கி வளர்த்தவன் நான். மச்சான் மேல் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. "உங்க பெட்டிய ஆகாசகங்கை அருவியில தூக்கிப் போடுங்க மச்சான்," என்றேன். அவர் ஆரோக்கியசாமி சாரைக் கூப்பிட்டு, பெட்டிக்குள் என்னதான் எழுதியிருக்கிறது என்று பார்க்கச் சொன்னார்.

சார் வரி வரியாகப் படித்தார். நடுவில் நிறுத்தி, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

"இதுல வருஷத்துக்கு ரெண்டு இலக்கம்தான் சார். முன்னாடி பத்தொன்பது அதுவே போட்டுக்குது. பையன் தொண்ணூத்தெட்டு. சரி. பொண்ணு ரெண்டாயிரத்து ஒண்ணு. நீங்க ஒண்ணுன்னு போட்டிருக்கீங்க. பெட்டி அத ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஒண்ணுன்னு எடுத்துக்கிச்சு."

"அப்படின்னா?"

"பெட்டி கணக்குல உங்க பொண்ணுக்கு நூத்தி இருபது வயசுக்கு மேல. மாப்பிள்ளைய விடப் பொண்ணு மூத்தவளா இருந்தா, கிரகத்தப் பார்க்காமயே பொருத்தம் இல்லைன்னு போட்டுடுது."

நான் சிரித்துவிட்டேன். மச்சான் சிரிக்கவில்லை. இந்த நாலைந்து வருடத்தில் தொண்ணூறுகளில் பிறந்த மாப்பிள்ளைக்கும் இரண்டாயிரத்துக்குப் பின் பிறந்த பெண்ணுக்கும் அவர் எத்தனை முறை இல்லை என்று வாசித்திருப்பார் என்பது அவருக்குத்தான் தெரியும். வெளியே சொன்னால் பெயர் போகும். சொல்லாவிட்டால் மகளின் வாழ்க்கை போகும். சார் ஒரு வரியை மாற்றிக் கொடுக்கிறேன் என்றார். "இருங்க சார். மொதல்ல சொல்லிட்டு வாரேன்," என்று மச்சான் சட்டையை மாட்டினார். பின்னாலேயே நானும் போனேன். தனியாக விட்டால் பாதி வழியில் திரும்பிவிடுவார் என்று எனக்குப் பயம்.

பாப்பாயி வாசலில் பலா வெட்டிக்கொண்டிருந்தாள். மச்சான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். இரண்டு இலக்கம், நூறு வருடம், தப்பு தன்னுடையது என்று ஒன்றும் பாக்கி வைக்கவில்லை. அவள் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு சுளை எடுத்தபடியே கேட்டாள்.

"அதுக்கென்னங்கண்ணா? மே அஞ்சுங்கிறதே வாத்தியார் போட்டது. தேதியே நம்மது இல்ல. அதுல வருசம் மட்டும் சரியா இருந்து என்னாவப் போவுது?"

மச்சான் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான்தான் கேட்டேன்.

"அப்புறம் ஏனுங்க பெட்டியில பார்க்கோணும்னீங்க? ஏன் பேசாம போயிட்டீங்க?"

"எங்க கல்யாணத்துக்குப் பார்க்கையில அந்தச் சத்தம் நிக்கிற வரைக்கும் எங்க மாமியாரும் எங்கம்மாளும் ஒரே பெஞ்சுல உட்கார்ந்திருந்தாங்க. எந்திரிக்க முடியாதில்லீங்க, பெட்டி பார்த்துக்கிட்டு இருக்குதே. அதுக்குள்ள பேசுனாங்க. எங்க மாமியாரு பேச்சு எனக்குப் புடிச்சுது. காயிதத்துல என்ன இருந்துதுன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாதுங்க." கத்தியைத் துடைத்துவிட்டு மச்சானை நிமிர்ந்து பார்த்தாள். "ஊருக்கெல்லாம் நிறுத்தி நிதானமாப் பார்த்தீங்க. எங்களுக்கு மட்டும் வெரசாப் பார்த்து முடிச்சிட்டீங்க. பொண்ணு குடுக்க மனசில்லைன்னு நெனச்சேன்."

இத்தனை வருடமாக ஜனங்கள் என் டீக்காக உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தவன் நான். அந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் வலித்தது.

"இன்னொருக்கா வாங்க தங்கச்சி," என்றார் மச்சான். "வருசத்த சாரு சரி பண்ணித் தாராராம்."

"ஒண்ணும் பண்ண வேண்டாமுங்க. பெட்டி பழைய வேகத்துல ஓடட்டும். அது போதும்."

செவ்வாய்க்கிழமை வந்தார்கள். மச்சான் அதே தேதிகளைப் போட்டார், அதே வருடங்களைப் போட்டார். சத்தம் தொடங்கியது. என் பெஞ்சில் ஒரு முனையில் என் அக்காள், மறுமுனையில் பாப்பாயி, நடுவில் கோகிலா. கோகிலா வேலைக்குப் போவதைப் பற்றிப் பேச்சு வந்தது. தமிழ்செல்வன் லாரியில் தூங்கிவிடாமல் இருக்க யார் அவனுக்கு ஃபோன் செய்வது என்று வந்தது. பாப்பாயிக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்தது. என் அக்காள் கருணைக்கிழங்கில் புளி அதிகம் போடுவாள் என்பதைக் கோகிலாவே போட்டுக்கொடுத்தாள். பாப்பாயி சிரித்தாள். நடுவில் இருந்த கோகிலா நகர்ந்து கொடுக்க, இரண்டு பெண்களும் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிட்டார்கள். நான் இரண்டாவது டீயை நீட்டியபோது யாரும் என்னைப் பார்க்கவில்லை.

சத்தம் நின்றது. பிரிண்டர் இழுத்து இழுத்துக் காகிதத்தைத் துப்பியது. மச்சான் அதைக் கிழித்து, எப்போதும் போல எழுந்து நின்று, எப்போதும் வாசிக்கும் குரலில் வாசித்தார்.

"பொருத்தம் இல்லை."

"சரிங்கண்ணா," என்றாள் பாப்பாயி. "வைகாசியில வெச்சுக்கலாமா, ஆவணியா?"

"வைகாசி," என்றாள் என் அக்காள்.

காகிதத்தைப் பிடித்தபடி நின்ற மச்சானுக்குக் கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான். என் கடையில் இருப்பது கேஸ் அடுப்பு, புகை என்று சொல்லவும் வழியில்லை.