ரேடியேட்டர்மேல் ஒரு செவ்வந்தி மாலை

என் காருக்குப் பதினேழு வயது. இரண்டு லட்சத்து முப்பத்தேழாயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. இந்த இரண்டு எண்ணையும் சொன்னதும் எதிரில் இருப்பவர் முகத்தில் ஓர் அனுதாபம் வரும் பாருங்கள், அதைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "இன்னுமா டீச்சர் இத வச்சிருக்கீங்க?" ஆமாம், இன்னும்தான் வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டு வாசலிலா நிறுத்தி வைத்திருக்கிறேன்?

நான் கணக்கு டீச்சர். வீடு காளவாசல் பக்கம். முதல் ஒன்பது வருடம் இந்தக் காரில் வாடிப்பட்டிக்குப் போய் வந்தேன். பிறகு எழுமலைக்கு மாற்றல் வந்தது, இப்போது தினமும் போக வர நூறு கிலோமீட்டர். கார் வருவதற்கு முன்னால் நான் எங்கே போனாலும் யாரையாவது கேட்டுத்தான் போனேன். வீட்டுக்காரரைக் கேட்க வேண்டும், பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட யார் ஸ்கூட்டர் சும்மா இருக்கிறது என்று பார்க்க வேண்டும், திரும்பி வர நேரமானால் ஏன் என்று சொல்ல வேண்டும். நாற்பத்தொரு வயதில் என் சம்பளத்தில் கார் வாங்கி ஓட்டக் கற்றுக்கொண்டேன். அதற்குப் பிறகு யாரையும் கேட்கவில்லை. இந்தக் கார்மேல் எனக்கு இருக்கும் பிரியத்துக்கு வேறு பெரிய காரணமெல்லாம் கிடையாது.

பழைய வண்டியை வைத்திருப்பது கஷ்டம் என்பார்கள். கஷ்டம் இல்லை, ஒழுங்கு வேண்டும், அவ்வளவுதான். காரோடு வந்த புத்தகத்தில் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றச் சொல்லியிருக்கிறது. நான் ஐயாயிரத்தில் மாற்றிவிடுவேன். ரேடியேட்டருக்கு எங்கள் வீட்டு போர் தண்ணீரை ஒரு சொட்டு விடமாட்டேன். வாளியில் வெள்ளை வெள்ளையாகப் படிகிற அந்த உப்பு, ரேடியேட்டரை மட்டும் சும்மா விடுமா? தினமும் காலையில் காபி குடித்த கையோடு பானெட்டைத் திறந்து ஆயில், கூலன்ட், பெல்ட் மூன்றையும் பார்ப்பேன். ஐந்து நிமிஷ வேலை. அந்த ஐந்து நிமிஷம் செய்யாதவர்கள்தான் நடுரோட்டில் நின்றுகொண்டு வண்டியைத் திட்டுகிறார்கள்.

பள்ளிக்கூடத்தில் மிச்சப்பட்ட ஒரு வருகைப் பதிவேட்டைக் காருக்கென்றே வைத்திருக்கிறேன். வண்டி என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்த நாளுக்கு ஒரு டிக். சேர்க்காத நாளுக்கு 'ஆப்சென்ட்'. பதினேழு வருடத்தில் நான்கு ஆப்சென்ட். என் வகுப்பில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் பரிசு கொடுத்திருப்பேன். காளவாசலில் என் மெக்கானிக் இந்தப் பதிவேட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னார், "டீச்சர், நீங்க வண்டியப் பாக்குற மாதிரி எம் பொண்டாட்டி என்னையப் பாத்தா நான் நூறு வயசு இருப்பேன்." "நீங்க அஞ்சாயிரத்துக்கு ஒருவாட்டி வாய மூடுனீங்கன்னா அவுக பாப்பாக" என்றேன். சிரித்துக்கொண்டே கிளட்ச் கேபிளை மாற்றிக் கொடுத்தார்.

என் மகனுக்குத்தான் பொறுக்கவில்லை. பெங்களூரில் இருக்கிறான். வீடியோ காலில் வரும்போதெல்லாம் இதே பேச்சு. "அம்மா, ஒனக்கும் அம்பத்தெட்டு ஆச்சு. நீயும் ரிட்டயர் ஆகப் போற, வண்டியும் ரிட்டயர் ஆகட்டும். எங்கயாச்சும் போகணும்னா போன்ல டாக்சி போடு."

"உசிலம்பட்டிக்கு அங்கிட்டு எந்த டாக்சிடா வருவான்?"

"அப்ப பஸ்ல போம்மா. அம்புட்டுப் பேரும் போறாகல்ல?"

பிள்ளைக்கு அக்கறை. அது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் என்னையும் காரையும் ஒரே தராசில் வைத்துப் பேசினால் எனக்குக் கோபம் வருகிறது. இரண்டு பேரில் யாரை அவன் பழசு என்கிறான் என்று ஒவ்வொரு தடவையும் யோசிக்க வேண்டியிருக்கிறது.

போன ஆயுத பூஜைக்கு வந்தவன் ஒரு பந்தயத்தோடு வந்தான். "நாளைக்கு எல்லாரும் எழுமலை குலசாமி கோயிலுக்கு இதுலயே போயிட்டு வருவோம். வழியில மக்கர் பண்ணுச்சுன்னா சாவிய எங்கிட்டக் குடுத்துரணும். வித்துரலாம். பண்ணலைன்னா இனிமே நான் வாயவே தொறக்க மாட்டேன்."

"சரி" என்றேன். என் வீட்டுக்காரர் பேப்பரை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. ஆத்திரக்காரிக்கும் அப்படித்தான்.

அன்று சாயங்காலம் பூஜை. பந்தயம் கட்டினவனே போய்ப் பெரிய மாலையாக வாங்கி வந்தான். தொடை கனத்துக்குச் செவ்வந்தி மாலை. அதை நான்காக மடித்து, முன்பக்க கிரில் தெரியாத அளவுக்குக் குறுக்கே போட்டு, பானெட்டோடும் பம்பரோடும் சேர்த்துக் கயிற்றால் கட்டினான். என் நாத்தனார், வீட்டுக்காரரின் தங்கை, பூஜைக்கு வந்திருந்தாள். அவள் பங்குக்கு மாலைக்குக் கீழே ஈர வாழையிலையை விரித்து, கை நிறையச் சந்தனத்தை அள்ளி அப்பினாள். சக்கரத்துக்கு நாலு எலுமிச்சம்பழம், பூசணிக்காய், சூடம் எல்லாம் முறைப்படி நடந்தது. வண்டி கல்யாணப் பெண் மாதிரி இருந்தது. என் கண்ணே பட்டிருக்கும்.

மறுநாள் காலை காபி குடித்துவிட்டு வண்டிக்கு வந்தேன். பானெட்டைத் திறக்க வேண்டுமென்றால் மாலையை அவிழ்க்க வேண்டும். ஆயுத பூஜைக்குக் கட்டின மாலை தானாகக் காய்ந்து விழுகிறவரைக்கும் கை வைக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். பதினேழு வருடமும் கண்ணாடியில் ஒரு முழம் மல்லிகையோடு முடித்துக்கொண்டதால் அந்த வழக்கத்தால் எனக்குத் தொந்தரவு வந்ததில்லை. சரி, ஒருநாள்தானே என்று விட்டுவிட்டேன். யார் சொன்னாலும் கேட்காதவள், ஒரு மாலைக்குப் பயந்து பானெட்டைத் திறக்கவில்லை.

நான் ஓட்டினேன். பக்கத்தில் வீட்டுக்காரர், மடியில் காபி பிளாஸ்க். பின்னால் மகனும் நாத்தனாரும் பொங்கல் பானையும். வெயில் ஒன்பது மணிக்கே காய்ந்தது. ஏசி முழுசாக ஓடியது. செக்கானூரணி தாண்டும்வரை ஒன்றுமில்லை. உசிலம்பட்டியில் விஜயதசமிக் கூட்டம், வண்டி ஊர்ந்துதான் போனது. அப்போது ஏசிக் காற்று வெதுவெதுப்பாக வந்தது. டெம்பரேச்சர் முள்ளைப் பார்த்தேன். அந்த முள் எப்போதும் நடுக்கோட்டுக்கு ஒரு மயிரிழை கீழே நிற்கும். பதினேழு வருடமாக அந்த இடத்தைத்தான் பார்க்கிறேன். அது நடுக்கோட்டைத் தாண்டியிருந்தது.

நாளையிலிருந்து காளவாசலில் பஸ்ஸுக்கு நிற்பது கண்ணில் தெரிந்தது. யாரையாவது கேட்டுக்கொண்டு நிற்பதும் தெரிந்தது.

ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுசாகத் திருப்பினேன். எஞ்சின் சூட்டை உள்ளே இழுக்க அது ஒரு வழி. மொட்டை வெயிலில் முகத்தில் அனல் அடித்தது. நாத்தனார் முந்தானையால் விசிறிக்கொண்டாள். "அம்மா, ஹீட்டரப் போட்டுட்ட" என்றான் மகன். "தெரியும்" என்றேன். ஊரைத் தாண்டி ஒரு புளியமரத்தடியில் ஓரங்கட்டி எஞ்சினை அணைத்தேன். வெளியே ஒரு சத்தமில்லை.

"நின்னுருச்சுல்ல?" என்றான் மகன், மெதுவாக. ஜெயித்த குரல் இல்லை அது. பாவம் பார்க்கிற குரல். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"இறங்குடா" என்றேன்.

முன்னால் போய்க் கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்தேன். "மதினி, கட்டுன மாலைய அவுக்கக் கூடாது, சாமி குத்தம்" என்று நாத்தனார் ஓடி வந்தாள்.

"ஒன் மூக்கப் பொத்திக்கிட்டு அம்பது கிலோமீட்டர் ஓடச் சொன்னா நீ ஓடுவியா?"

மாலையை இழுத்ததும் அதோடு வாழையிலையும் பிய்ந்து வந்தது. கிரில் முழுக்கப் பூவும் சந்தனமும் அடை மாதிரி அப்பியிருந்தது. ரேடியேட்டருக்குக் காற்றுப் போக ஓட்டையே இல்லை. மாலையைச் சுருட்டி நாத்தனார் கையில் கொடுத்தேன். "கோயில்ல சாமி காலடியில போட்டுரு, குத்தம் வராது." பானெட்டைத் திறந்தேன். மகன் துண்டைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியில் கை வைக்கப் போனான். அவன் கையில் ஓங்கி ஒன்று வைத்தேன். கொதிக்கிற ரேடியேட்டரைத் திறந்தால் முகம் வெந்துவிடும். அவன் பெரிய கம்பெனியில் பெரிய வேலையில் இருக்கிறான். இது தெரியவில்லை.

வீட்டுக்காரர் யாரையும் கேட்காமல் காபி ஊற்றிக் கொடுத்தார். முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். டேங்கில் கூலன்ட் கொஞ்சம் இறங்கியிருந்தது. டிக்கியில் எப்போதும் ஒரு பாட்டில் இருக்கும், ஊற்றினேன். ஈர்க்குச்சியால் கிரில்லில் இருந்த சந்தனத்தைச் சுரண்டி எடுத்தேன். ஸ்டார்ட் செய்ததும் முள் ஏறி ஏறி வந்து, நடுக்கோட்டுக்கு ஒரு மயிரிழை கீழே நின்றது. எழுமலை போய்ச் சேர்ந்து பொங்கல் வைத்துக் கும்பிடும்வரை நகரவில்லை. வழி முழுக்க மாலை நாத்தனார் மடியில் இருந்து, அவள் பட்டுச்சேலை நனைந்து போனது.

திரும்பும்போது மகன் ஓட்டினான். ரோட்டைப் பார்த்ததைவிட முள்ளைத்தான் அதிகம் பார்த்தான். காளவாசல் சிக்னலில் நின்றபோது, "மாலை என் தப்பும்மா, ஒத்துக்கிறேன்" என்றான். "ஆனா மாலையில்லாம நெசமாவே ஏதாச்சும் உடைஞ்சு நின்னிருந்தா? அப்பவும் சாவியக் குடுத்திருப்பியா?"

நியாயமான கேள்வி. சிக்னல் விழும்வரை யோசித்தேன்.

"குடுத்திருக்க மாட்டேன்."

"அப்ப எதுக்குப் பந்தயத்துக்கு ஒத்துக்கிட்ட?"

"அதான்டா நான் செஞ்ச தப்பு. என் வண்டிய நான் வச்சிருக்கணும்னா அது ஒனக்கு ஓடிக் காட்டணுமா? நாளைக்கே அது நடுரோட்டுல நிக்கட்டும். நான் தள்ளிக்கிட்டுப் போறேன், மெக்கானிக்கக் கூப்பிடுறேன், ஒரு ஆப்சென்ட் போடுறேன். சாவி எங்கிட்டத்தான் இருக்கும்."

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி இறங்கினான். நான் கையை நீட்டினேன். ஒரு நொடி அவன் தயங்கியதும் எனக்குத் தெரிந்தது. கையை மடக்காமல் நீட்டியபடியே நின்றேன், அவன் சாவியை வைக்கும்வரை.