ஜட்ஜ் துரையின் கடியாரமும் மாமனாரின் இடுப்புச் சாவியும்

எனக்குக் கல்யாணமான வருஷம் என் அப்பாவும் என் மாமனாரும் பேசிக்கொள்ளவில்லை. காரணம் பாயசம்.

பந்தியில் மாமனாரின் இலைக்கு இரண்டாம் தடவை பாயசம் வந்தபோது அவர் கையை மறித்தார். பரிமாறியவர் அடுத்த இலைக்குப் போய்விட்டார். நடந்தது அவ்வளவுதான். "மறிச்சா வேண்டாம்னுதானே அர்த்தம்?" என்பது அப்பாவின் கட்சி. "சம்பந்தி கையை மறிச்சா, கையை விலக்கிட்டு ஊத்தணும்வே. அதுதான் மரியாதை" என்பது மாமனாரின் கட்சி. பாயசம் என்னவோ பந்தி முடிந்தபிறகும் ஒரு அண்டா மிஞ்சிக் கிடந்தது.

அப்பா பாளையங்கோட்டையில் ஜட்ஜ் கோர்ட்டில் தலைமைக் குமாஸ்தா. கோட்டு, தலைப்பாகை, இங்கிலீஷ் எல்லாம் உண்டு. மாமனாருக்குத் திருநெல்வேலி டவுணில், ரத வீதியில் ஜவுளிக்கடை. அவரை ஊரே அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். இரண்டு பேருக்கும் நடுவில் ஆறு ஓடியது. பாலமும் இருந்தது. ஆனால் பாலத்தில் வண்டி கட்டிக்கொண்டு யார் முதலில் புறப்படுவது என்பதில்தான் வழக்கு.

இப்படி இருக்கும்போது, ஜெர்மன் சண்டைக்குச் சில வருஷம் முந்தி, ஜட்ஜ் துரை வேலையை விட்டுச் சீமைக்குத் திரும்பினார். கொண்டுபோக முடியாத சாமான்களைப் பங்களா வராந்தாவிலேயே ஏலம் போடப்போவதாகத் தமுக்கடித்தார்கள்.

ஏலத்துக்கு நான் போகவில்லை. பெண்கள் போகிற வழக்கமில்லை. ஆனால் நடந்ததை அப்பா வாயால் ஒரு தடவையும், மாமனார் வாயால் பல தடவையும், கூடப் போயிருந்த என் வீட்டுக்காரர் வாயால் ஒரு தடவையும் கேட்டிருக்கிறேன். மூன்றையும் சேர்த்து, பெரியவர்கள் இருவரின் வீரப்பிரதாபத்தையும் கொஞ்சம் கழித்துவிட்டுச் சொல்கிறேன்.

அப்பாவுக்கு அந்தப் பங்களாவில் ஒரே ஒரு சாமான்மேல்தான் கண். வரவேற்பறையில் துரையின் நாற்காலிக்குப் பின்னால் ஒரு மேஜைக் கடியாரம் இருந்தது. கறுப்பு மரம், நாலு மூலையிலும் பித்தளைப் பூவேலை, உச்சியில் சிறகு விரித்த ஒரு பித்தளைப் பறவை. துரையின் தாத்தா காலத்துச் சாமானாம். அப்பா கையெழுத்துக்காகக் காகிதக் கட்டோடு போய் நிற்கும்போதெல்லாம் அதைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பார். துரை நல்லவர்தான், ஆனால் குமாஸ்தாவை உட்காரச் சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை. "அந்தக் கடியாரம் அடிக்கும்போதெல்லாம் எனக்குக் காலு கடுக்கும்" என்று அப்பா அம்மாவிடம் சொல்வாராம். அதைத் தன் வீட்டுக்குக் கொண்டுவந்து, எதிரே சாய்வு நாற்காலி போட்டுச் சாய்ந்துகொண்டு கேட்க வேண்டும் என்பது அவர் ஆசை. நியாயமான ஆசைதான்.

மாமனாருக்குக் கடியாரத்தைப் பற்றிய நினைப்பே கிடையாது. கடைக்கு ஒரு இரும்புப் பெட்டி கிடைத்தால் வாங்கலாம் என்று போனவர். கூட்டத்தில் சம்பந்தியின் தலைப்பாகை தெரிந்தது. அந்தத் தலைப்பாகை ஒரு கடியாரத்துக்கு விலை கேட்பதும் தெரிந்தது. அவ்வளவுதான், மாமனாருக்கும் திடீரென்று மணி பார்க்க ஆசை வந்துவிட்டது.

அப்பா ஒரு விலை சொன்னால் மாமனார் அதற்கு மேல் ஒரு விலை. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஏலக்காரரைப் பார்த்தே பேசினார்கள். மற்றவர்கள் விலை கேட்பதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். என் வீட்டுக்காரர் பின்னாலிருந்து மாமனாரின் அங்கவஸ்திரத்தைப் பிடித்து இழுத்தார்.

"ஐயா, நம்ம கடைக்கு எதுக்கு இது? போதும், விடுங்க."

"நீ சும்மா இருலே. சபையில துண்டைப் பிடிச்சு இழுக்காதே."

ஆனால் அதற்குள் ஏலக்காரர் ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம் சொல்லி முடித்துவிட்டார். கடியாரம் அப்பாவுக்கு. துண்டை இழுத்ததால்தான் தோற்றேன் என்று மாமனார் கடைசிவரை மகனைக் குற்றம் சொன்னார்.

வெறுங்கையோடு வீடு திரும்ப அவருக்கு மனசு வரவில்லை. அடுத்து வந்தது ஒரு பீங்கான் சாடியும் ஒரு எண்ணெய்ச் சாயப் படமும். இரண்டையும் ஒன்றாகவே கூறினார்கள், "சாடி, மூடி, உள்ளே உள்ளது எல்லாம் சேத்து" என்று. மாமனார் உரத்த குரலில் விலை கேட்டார். எதிர்த்துக் கேட்க ஒரு ஆள் இல்லை. அப்பா கடியாரத்தை வண்டியில் ஏற்றப் போயிருந்தார். போட்டியில்லாமல் கிடைத்த பொருளில் மாமனாருக்குப் பாதி ருசி அங்கேயே போய்விட்டது.

வண்டியிலிருந்து இரண்டையும் இறக்கியபோது நானும் என் மாமியாரும் வாசலில் நின்றோம். சாடி அழகாகத்தான் இருந்தது. இடுப்பளவு உயரம், வெள்ளைப் பீங்கானில் நீலமாக ஒரு பாலம், இரண்டு பறவைகள், கூரைமேல் கூரையாக ஒரு வீடு. மாமியார் சுற்றிவந்து பார்த்தார்.

"நார்த்தங்காய் ஊறுகாய் போட்டா ஒரு வருஷத்துக்குக் காணும்."

"ஏளா, இது சீமைச் சாமான். பாக்கதுக்கு வச்சிருக்கது."

"பாக்கதுக்கா? சாடியப் பாக்க எவன் வருவான்? என்ன சொல்லுதிய?"

படத்தில் இருந்தவர் ஒரு வெள்ளைக்காரக் கிழவர். நெஞ்சுவரை வெண்தாடி, கையில் மூடிய புத்தகம். எந்தப் பக்கம் நின்றாலும் நம்மையே பார்ப்பார். மாமனார் அவரைக் கடையில், கல்லாப்பெட்டிக்கு மேலே மாட்டினார். யாரென்று கேட்டவர்களுக்கு முதல் வாரம் "பெரிய துரை" என்றார். அடுத்த வாரம் "சீமையில மந்திரியா இருந்தவர்" என்றார். கிழவரின் உத்தியோகம் அப்படியே உயர்ந்துகொண்டு போயிருக்கும். ஆனால் புடவை எடுக்க வந்த பெண்கள் முகம் சுளித்தார்கள். "அந்தத் தாடிக்காரன் முறைக்கான், விலை பேச நாவு எழும்ப மாட்டேங்கு" என்று சொல்லிவிட்டு எதிர்க்கடைக்குப் போய் நிம்மதியாக விலை பேசினார்கள். படம் வீட்டுக்கு வந்தது. அன்னிய ஆண்பிள்ளை பார்க்கும்போது கூடத்தில் காலை நீட்டி உட்கார முடியவில்லை என்று மாமியார் அதைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார். சீமை மந்திரி எங்கள் வீட்டுச் சுண்ணாம்பைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

சாடியைக் கழுவக் கவிழ்த்த அன்றுதான் உள்ளிருந்து ஒரு பித்தளைச் சாவி விழுந்தது. பூட்டுச் சாவி மாதிரி பல் இல்லை. முனையில் சதுரமாக ஒரு துளை மட்டும் இருந்தது. என் வீட்டுக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது கடியாரத்துக்குச் சாவி கொடுக்கதுல்லா?" என்றார். துரை வீட்டில் கடியாரத்துக்குப் பக்கத்திலேயே சாடி நின்றிருக்கிறது. வேலைக்காரன் சாவியைப் பத்திரமாக அதற்குள் போட்டு வைத்திருக்கிறான்.

மாமனார் முகத்தில் ஏலத்தன்று வராத வெளிச்சம் அப்போது வந்தது. சாவியை வாங்கி, அரைஞாணில் கல்லாச் சாவியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார்.

ஆடி பிறப்பதற்கு முந்தி என்னை அழைத்துப்போக அம்மா வந்தாள். அடுப்படியில் என்னை ஒதுக்கிக்கொண்டு பைய விஷயத்தைச் சொன்னாள். ஏலத்தில் எடுத்தபோது ஓடிக்கொண்டிருந்த கடியாரம் ஒரு வாரம் மணியாக அடித்ததாம். அப்பா சாய்வு நாற்காலியில் படுத்துக் கேட்டாராம். பிறகு நின்றுவிட்டது. கொல்லனைக் கூப்பிட்டால் பழைய சாவியைக் காட்டினால்தான் புதிது அடிக்க முடியும் என்கிறான். துரையோ கப்பல் ஏறிவிட்டார்.

"வாரவிய எல்லாம் மணி என்னன்னு அதைப் பாத்துக் கேக்காவ. அப்பா வெயிலைப் பாத்துச் சொல்லுதாவ" என்றாள் அம்மா.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அன்று சாயங்காலம் மாமியார் மூலமாக மாமனார் காதில் போட்டேன்.

"சாடி ஆருது? என்னது. சாடிக்குள்ள உள்ளது ஆருது? என்னது. ஏலத்துல அப்படித்தான் கூறினான். வேணும்னா அவிய வந்து கேக்கட்டும்" என்றார் மாமனார்.

அம்மாவோடு பாளையங்கோட்டைக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கடியாரத்தோட சேந்ததுதான் சாவி. இது சட்டம். என் பொருளை நான் எதுக்குப் போய்க் கேக்கணும்?"

ஆக, சாவி வைத்திருந்தவரிடம் கடியாரம் இல்லை. கடியாரம் வைத்திருந்தவரிடம் சாவி இல்லை. ஆடி மாதம் முழுக்க நான் பிறந்த வீட்டில் இருந்தேன். சட்டம் தெரிந்த அப்பா காலையில் எழுந்ததும் கடியாரத்தின் கண்ணாடிக் கதவைத் திறப்பார், பார்ப்பார், மூடுவார். இதுதான் வேலை.

ஆவணி பிறந்ததும் என்னைக் கூட்டிப்போக என் வீட்டுக்காரர் வருவார் என்று பார்த்தால், வண்டியிலிருந்து மாமனார் இறங்கினார். கடையில் மகனுக்கு வேலை அதிகமாம். அப்பா வாசலுக்கு வந்து "வாங்க சம்பந்தி" என்றார். கல்யாணத்துக்குப் பிறகு அவர் மாமனாரிடம் சொன்ன முதல் வார்த்தை அது. நானும் அம்மாவும் அடுப்படி வாசலில் ஒளிந்து நின்றுகொண்டோம்.

ஆற்றில் தண்ணீர் நிறைய வருவதைப் பற்றிப் பேசினார்கள். ஸ்ரீவைகுண்டம் பக்கம் வாழை எப்படி என்று பேசினார்கள். இரண்டு பேருக்கும் வாழையைப் பற்றி ஒன்றும் தெரியாது. கடைசியில் மாமனார் கடியாரத்தை அப்போதுதான் கண்டவர்போலத் தலையைத் தூக்கினார்.

"இது ஓடலையோ?"

"ஓடும். கொஞ்சம் ஓய்வு எடுக்கு" என்றார் அப்பா.

"ரொம்ப நாள் ஓய்வு போலிருக்கே."

"துரை வீட்டில நெறைய உழைச்சிருக்கு."

மாமனார் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். அப்பா கேட்பதாக இல்லை. மாமனாருக்கோ அது அடிக்கிற சத்தத்தைக் கேட்டே ஆக வேண்டும் போல இருந்திருக்கிறது. ஏலம் கேட்ட பொருளல்லவா! எழுந்தார். வேட்டியை நெகிழ்த்தி அரைஞாணிலிருந்து சாவியை அவிழ்த்துக்கொண்டு கடியாரத்திடம் போனார்.

"அங்கன இல்லை, இங்கன!" அப்பா நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்துவிட்டார். "ரெண்டு துளை இருக்கு பாரும். வலது பக்கம் ஓடுகதுக்கு, இடது பக்கம் அடிக்கதுக்கு. துரை அப்படித்தான் கொடுப்பார். பைய, பைய! சுருளை அறுத்திராதேயும்!"

"எனக்குத் தெரியும்வே."

"உமக்கு எப்படித் தெரியும்? நான் நின்னு பாத்திருக்கேன்."

"நின்னுதானே பாத்தீரு? உக்காந்து பாத்திருந்தா நல்லாத் தெரிஞ்சிருக்கும்."

அம்மா என் கையை இறுகப் பிடித்தாள். இந்தச் சொல்லுக்கு அப்பா என்ன செய்வாரோ என்று எனக்கும் பயம். அப்பா வாய்விட்டுச் சிரித்தார். மாமனார் சாவி கொடுத்து முடித்ததும் அப்பாவே முள்ளை நகர்த்தினார். கடியாரம் கணீரென்று அடிக்கத் தொடங்கியது. வேளையோ காலை, அது பன்னிரண்டையும் அடித்து முடித்தது. இரண்டு பெரியவர்களும் தலையை ஆட்டி ஆட்டி, நாயனக் கச்சேரி கேட்பதுபோல் கேட்டார்கள்.

சாவியை மட்டும் மாமனார் திரும்ப அரைஞாணிலேயே கட்டிக்கொண்டார். "இது எங்கிட்ட இருக்கட்டும். எட்டு நாளைக்கு ஒருக்காத்தானே? நான் வந்து கொடுக்கேன்" என்றார். அப்பா சட்டம் பேசவில்லை.

அதிலிருந்து வாரம் தவறாமல் பாலம் தாண்டி வருவார். வந்த உடன் சண்டைதான். கடியாரம் முந்திப் போகிறது என்பார் மாமனார். ஊர்தான் பிந்திப் போகிறது என்பார் அப்பா. சாட்சிக்காக மாமனார் ஒரு பைக் கடியாரமே வாங்கி, வருகிற வழியில் ரயிலடியில் நேரம் வைத்துக்கொண்டு வந்தார். "ரயில் என்னைக்குய்யா நேரத்துக்கு வந்திருக்கு?" என்று அப்பா அதையும் தள்ளிவிட்டார். ஒருநாள் பேச்சுவாக்கில் மாமனார், அந்தத் தாடிக்காரர் யாரென்று கேட்டுவிட்டார்.

"துரைக்கே தெரியாது. அவர் வரும்போதே அந்தச் சுவரில மாட்டியிருந்தது. முந்தின துரையோட அப்பான்னு இவர் நெனச்சுக்கிட்டார்" என்றார் அப்பா. மாமனார் அன்று வீட்டுக்கு வந்ததும் மந்திரியைப் பரணுக்கு அனுப்பினார். அதற்குப் பிறகு அவர் ஜவுளி எடுக்க மதுரைக்குப் போயிருந்தபோது, மாமியார் சாடியில் நார்த்தங்காயும் போட்டுவிட்டார். திரும்பி வந்து தொட்டுக்கொண்டு சாப்பிட்டவர் இன்னொரு துண்டு கேட்டார்.

மறுவருஷம் எனக்குத் தலைப்பிரசவம் அப்பா வீட்டில் நடந்தது. முற்பகல் வேளை. அறைக்கு வெளியே இரண்டு பேரும் காத்திருந்தார்கள். குழந்தை அழுத சத்தம் கேட்டதும் அப்பா மேஜைக் கடியாரத்தைப் பார்த்தார், மாமனார் மடியிலிருந்து பைக் கடியாரத்தை எடுத்துப் பார்த்தார். பெண் குழந்தை என்று அம்மா வந்து சொல்வதற்குள்ளேயே நேரத்தைப் பற்றிய வழக்கு தொடங்கிவிட்டது. ஜோசியர் இரண்டு நேரத்தையும் கேட்டுவிட்டு, நடுவில் லக்கினமே மாறுகிறது என்று தலையைச் சொறிந்தார். யாரும் விட்டுக்கொடுக்காததால் இரண்டு ஜாதகம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அப்பாவின் நேரப்படி பிள்ளை முன்கோபி. மாமனாரின் நேரப்படி பொறுமைசாலி.

அவளுக்கு வரன் பார்த்த காலத்தில் இது பெரிய வசதியாக இருந்தது. மாப்பிள்ளை ஜாதகத்துக்கு எது பொருந்துகிறதோ அதை எடுத்துக் கொடுத்தோம். பொருந்தியது மாமனார் எழுதச் சொன்னது. கல்யாணமாகி ஒரு மாதம் கழித்து மருமகன் என்னிடம் தனியாக வந்து, "அத்தை, ஜாதகத்துல பொறுமைசாலின்னுல்லா போட்டிருந்தது?" என்று கேட்டார். நான் சாப்பிட்டுப் போகச் சொன்னேன்.